பசை காயும் வரை

மடித்த இடத்தில் அட்டை வெடித்துவிட்டது.

லேசாக இல்லை. மேலிருந்து கீழ்வரை, வெறுங்காலோடு வெயிலில் அலைந்தவரின் குதிகால் மாதிரி வெடித்திருந்தது. மேலே பூசியிருந்த நீலம் பொரிந்துபோய், உள்ளே இருந்த வெள்ளை பல்லைக் காட்டியது. மெக்கானிக் அதன்மேல் உள்ளங்கையை வைத்து மறைத்துக்கொண்டு, சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்த மூன்று பேரையும் பார்த்துச் சிரித்தார்.

"கையை எடுங்க தம்பி, பாக்கலாம்" என்றாள் மனைவியின் அக்கா. அவள் நோட்டும் பேனாவுமாக வந்திருந்தாள். முதல் பக்கத்தில் 'ஒன்று: அட்டையை இரண்டாக மடிக்க வேண்டும்' என்று எழுதி அடிக்கோடும் போட்டாகிவிட்டது.

"கொஞ்ச நேரம் கைச்சூட்டுல இருக்கணும் அண்ணி. அப்பத்தான் மடிப்பு நிக்கும்."

அவள் 'இரண்டு: கைச்சூடு' என்று எழுதிக்கொண்டாள்.

அவளுடைய கணவர், அதாவது மெக்கானிக்கின் சகலை, எதையும் எழுதவில்லை. நிலம் அளக்கும் வேலையில் இருப்பவர். வேலி இங்கேதான் இருந்தது என்று யார் சத்தியம் செய்தாலும் சங்கிலியைப் போட்டுப் பார்க்காமல் நம்பமாட்டார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, அந்த உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மெக்கானிக் ஒரு கையால் வயிற்றைப் பிடித்தார். இன்னொரு கையை அட்டையிலிருந்து எடுக்காமலே எழுந்து, அட்டையைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு, இதோ வந்துவிடுகிறேன் என்று குளியலறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். எட்டாவது மாடிக்கும் ஒன்பதாவது மாடிக்கும் நடுவில் ஆட்களோடு நின்றுபோன லிஃப்ட்டைக் கை நடுங்காமல் இறக்கிவிடுவார். ஆனால் வாழ்த்து அட்டை செய்யத் தெரியாது. இது உலகத்தில் அவருக்கும் இன்னொருவருக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். அந்த இன்னொருவர் கடைவீதியில் நோட்டு, பேனா, காகிதம் விற்கும் கடைக்காரர்.

எல்லாம் முதல் திருமண நாளில் ஆரம்பித்தது. அன்று அந்தக் கடையில் ஒரு வாழ்த்து அட்டை வாங்கினார். யாரோ ஓர் அம்மா வீட்டிலிருந்தபடியே கையால் செய்வது, ஒன்று மாதிரி இன்னொன்று இருக்காது என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். பின்பக்கத்து விலைச்சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். மனைவி அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, "இது நீங்களே செஞ்சதா?" என்று கேட்டாள்.

இல்லை என்றுதான் சொல்ல நினைத்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் தலை தானாக ஆடிவிட்டது. எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டாள். ஒரு வாரம் என்றார்.

அதன் பிறகு வருடத்துக்கு ஒன்று. இப்போது கண்ணாடி அலமாரியில் ஆறு நின்றன. ஒவ்வொரு முறையும் அவள் தாடையைக் கையில் ஏந்திக்கொண்டு ஏதாவது ஒரு சந்தேகம் கேட்பாள். இந்தப் பூ எப்படி எழுந்து நிற்கிறது, இந்த ஓரம் எப்படி இவ்வளவு நேராக வந்தது என்று. அவர் லிஃப்ட் சமாச்சாரத்தில் கொஞ்சம் எடுத்து, ஸ்பிரிங், எதிர் எடை என்று ஏதாவது சொல்லி வைப்பார். அவள் நடுவில் பேசாமல் கடைசிவரை கேட்பாள். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று வருடா வருடம் தோன்றும். போன வருடத்துப் பொய் குறுக்கே படுத்திருக்கும்.

போன வாரம் அக்காவும் சகலையும் வந்தபோது மெக்கானிக் ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் குழிக்குள் இருந்தார். அக்கா அலமாரியைப் பார்த்தாள். பத்தொன்பது வருடத்தில் ஒரு காகிதத்தைக் கிழித்தாவது எனக்குக் கொடுத்திருக்கிறீர்களா என்று சகலையைப் பிடித்துக்கொண்டாள். சகலை அந்த அட்டைகளைப் பார்த்துவிட்டு, கிரீஸ் படிந்த கையில் இவ்வளவு வெள்ளையாக வராது, இது கடைச் சரக்கு என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். மனைவிக்குப் பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள், உங்கள் கண் முன்னாலேயே செய்து காட்டுவார் என்று சொல்லிவிட்டாள்.

"நான் வார்த்தை குடுத்துட்டேன்ங்க" என்றாள் அன்று சாயங்காலம். "என்னைத் தலைகுனிய விடமாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்."

அவருக்கு அன்று சோறு இறங்கவில்லை. சகலை முன்னால் அசிங்கப்படுவதை அவர் தாங்கிக்கொள்வார். சகலை இருப்பதே அதற்குத்தான். ஆனால் தன்னைப் பற்றி இவள் ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வது ஒரே ஒரு விஷயம். அது பொய் என்று அவளுக்குத் தெரிந்த பிறகு, நாளைக்கு வீட்டுக்குள் எந்த முகத்தோடு நுழைவது என்றுதான் அவருக்கு விளங்கவில்லை.

சனிக்கிழமை வேலைக்கு நடுவில் கடைக்கு ஓடினார். அட்டை செய்கிற அந்த அம்மாவை ஒரு மணி நேரம் பார்க்க வேண்டும் என்று கெஞ்சினார். கடைக்காரர் போனில் கேட்டுப் பார்த்தார். யாரையும் பார்ப்பதில்லை என்று பதில் வந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்றும் வந்தது. தேவையான சாமான்களைக் கடையிலேயே எடுத்துக்கொள்ளட்டும், நாளைக்குச் சந்தேகம் வந்தால் உங்கள் மூலமாகக் கேட்கட்டும், எழுதி அனுப்புகிறேன் என்று. நீல அட்டை, எஃகு ஸ்கேல், பேப்பர் கட்டர், அறுப்பதற்குக் கீழே விரிக்கும் பச்சை ரப்பர் விரிப்பு, வெள்ளைப் பசை, இரண்டு பக்கமும் ஒட்டுகிற மெத்தென்ற ஃபோம் டேப், நாடா, வெட்டி வைத்த காகிதப் பூக்கள். இதோடு மடிப்பைத் தேய்க்க, முனை மழுங்கிய ஒரு வெள்ளைக் குச்சி. முகம் தெரியாத அந்த அம்மாவை மனசுக்குள் கையெடுத்துக் கும்பிட்டார் மெக்கானிக்.

இப்போது குளியலறையில், குழாயைச் சத்தத்துக்காகத் திறந்துவிட்டு, கடைக்காரரிடம் போனில் கிசுகிசுத்தார். அட்டை வெடித்துவிட்டது, உடனே கேளுங்கள்.

வாளி நிறைவதற்குள் பதில் வந்தது. கடைக்காரர் அதை அப்படியே அனுப்பியிருந்தார்.

'அட்டைக்கு ஓட்டம், அதாவது இழை ஓடும் திசை, உண்டு. முதலில் இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பார்க்க வேண்டும். எந்தப் பக்கம் சுலபமாக வளைகிறதோ அந்தப் பக்கம்தான் மடிக்க வேண்டும். மடிப்பதற்கு முன் ஸ்கேல் வைத்து மழுங்கிய குச்சியால் ஒரு கோடு அழுத்த வேண்டும். இதைப் பழகியவர்கள் தூக்கத்தில் கூட மறக்க மாட்டார்கள். பரவாயில்லை. வெடித்த இடத்தின்மேல் ஒரு காகிதப் பட்டையை ஒட்டவும். பசையைத் தாராளமாகப் போடவும்.'

மெக்கானிக் வெளியே வந்தபோது மேஜையில் அக்காவும் சகலையும் மட்டும் இருந்தார்கள். மனைவி அடுப்படியிலிருந்து போனைப் பார்த்தபடியே வந்தாள்.

"அந்தப் போனை வச்சிட்டு வந்து உக்காருடி" என்றாள் அக்கா. "வீட்டுக்காரர் உசுரைக் குடுத்துச் செய்யறார். நீ என்னத்தையோ தட்டிக்கிட்டு இருக்க."

"வெந்நீர் வச்சேன்க்கா, அவருக்கு வயிறு சரியில்லையே" என்றாள் மனைவி. போனைக் கவிழ்த்து வைத்தாள்.

மெக்கானிக் பட்டையை வெட்டினார். தாராளமாக என்று சொல்லியிருந்ததால் தாராளமாகவே பசையைப் போட்டார். கிரீஸ் போடுகிற கைக்குத் தாராளம் என்றால் ஒரு அளவுதான் தெரியும். பட்டையை ஒட்டி அழுத்தியதும் இரண்டு ஓரத்திலும் பசை பிதுங்கியது. அதைத் துடைத்தார். துடைத்த இடமெல்லாம் ஈரமானது. சகலை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அட்டை மெதுவாக, யாரும் தொடாமலே, ஓரத்தைத் தூக்க ஆரம்பித்தது. அடுத்தது எதிர் ஓரம். ஐந்து நிமிடத்தில் அது தொட்டில் மாதிரி வளைந்து மேஜைமேல் ஆடிக்கொண்டிருந்தது.

"இது இப்படித்தான் வரணுமா, சகலை?" என்றார் சகலை.

"வளைஞ்சுதான் நிமிரும்."

அக்கா பேனாவை எடுத்தாள். சகலை அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். பிறகு எழுந்து போய்க் கண்ணாடி அலமாரியைத் திறந்து, ஆறு அட்டைகளையும் கொண்டுவந்து மேஜையில் வரிசையாக வைத்தார். எல்லை காட்ட வந்த கல் மாதிரி அவை நின்றன. ஒன்றாவது வளைந்திருக்க வேண்டுமே. எல்லாம் அளவெடுத்தது போல நேராக இருந்தன. சகலை ஒவ்வொன்றாகத் திருப்பினார். மூன்றாவதில் நின்றார். பின்பக்கத்தில் கட்டைவிரல் அகலத்துக்குக் காகிதத்தின் மேல்தோல் உரிந்திருந்தது. மிச்சத்தையும் புரட்டிப் பார்த்தார்.

"இங்க எதையோ ஒட்டிக் கிழிச்சிருக்கு. எல்லாத்துலயும் அதே மூலையில."

மெக்கானிக் அந்த மூலையைப் பார்த்தார். வாயைத் திறந்தார். ஒரு ஸ்பிரிங்கும் வரவில்லை.

"அது பசை சீக்கிரம் காயறதுக்கு அத்தான்" என்றாள் மனைவி. "மேல்தோலைக் கொஞ்சம் உரிச்சு விட்டா உள்ள இருக்கிற ஈரம் அந்த வழியாப் போயிடும். இல்லைங்க? நீங்கதானே ரெண்டாவது வருஷம் சொன்னீங்க?"

அவருக்கு அப்படி ஒன்றும் சொன்னதாக ஞாபகம் இல்லை. ஆறு வருடத்தில் எவ்வளவோ சொல்லியிருக்கிறார். தலையாட்டினார். தன் பொய்க்கு இவள் இவ்வளவு நல்ல மனசோடு முட்டுக் கொடுக்கிறாளே என்று நினைத்தபடி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

மறுபடியும் குளியலறை. மறுபடியும் வாளி. 'வளைந்த அட்டையை நன்றாகச் சூடான இஸ்திரிப் பெட்டியால் தேய்க்கவும். நேராக அட்டைமேல் வைக்க வேண்டாம், நடுவில் ஒரு மெல்லிய வெள்ளைத் துணி போடவும்' என்று பதில் வந்தது.

இஸ்திரிப் பெட்டிக்காக அடுப்படிக்குப் போனார். மனைவி ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தாள். போன் கையில் இருந்தது. இவரைக் கண்டதும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு திரும்பினாள். கூடத்தில் அக்கா ஏதோ சொல்ல, சகலை சிரிப்பது கேட்டது. அடுப்படியில் அவர்கள் இரண்டு பேர் மட்டும்.

இப்போதே சொல்லிவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது. நான்கு வார்த்தை போதும். அழுவாள். இரண்டு நாள் பேசமாட்டாள். ஆனால் அவர்கள் முன்னால் தெரிவதைவிட இது மேல்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார்.

"சொல்லுங்க."

அவள் காத்திருந்தாள். அவசரமே இல்லாமல் காத்திருந்தாள். அடுப்பில் வெந்நீர் கொதித்து மூடியைத் தட்டியது. அதைக்கூட அணைக்கவில்லை. அவளுடைய இரண்டு கண்களும் அவர் முகத்தைவிட்டு நகரவில்லை. அந்தப் பார்வையில் அவ்வளவு நம்பிக்கை இருந்ததாக அவருக்குப் பட்டது.

"இஸ்திரிப் பெட்டி எங்க?" என்றார்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவள் ஒரு பெருமூச்சு விட்டாள். அடுப்பை அணைத்தாள். மேல் தட்டிலிருந்து இஸ்திரிப் பெட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "சூடு கடைசி வரைக்கும் வச்சுக்குங்க" என்றாள்.

வெள்ளைத் துணிக்கு எங்கும் தேட வேண்டியிருக்கவில்லை. சகலையின் கைக்குட்டை மேஜைமேல் நாலாக மடித்து இருந்தது. மெக்கானிக் அதைக் கேட்டார். சகலை ஒரு ஆராய்ச்சிக்குச் சாட்சிப் பொருள் கொடுப்பவரைப் போலக் கொடுத்தார். அட்டைமேல் கைக்குட்டையை விரித்து, அதன்மேல் பெட்டியை வைத்து அழுத்தினார். புஸ் என்று ஆவி வந்தது. வாசனையும் வந்தது, நல்ல வாசனை இல்லை. பெட்டியை எடுத்துவிட்டுக் கைக்குட்டையைத் தூக்கினார். அட்டையும் சேர்ந்து வந்தது.

உதறினார். வரவில்லை. பிதுங்கிய பசையெல்லாம் துணிக்குள் இறங்கி இறுகிவிட்டது. அட்டை நேராகியிருந்தது என்பது உண்மை. நேரான அட்டையும் சகலையின் கைக்குட்டையும் ஒரே உடம்பாகியிருந்தன. நடுவில் இஸ்திரிப் பெட்டியின் மூக்கு வைத்த இடத்தில் ஒரு பழுப்பு முக்கோணம்.

"துணி ஒட்டற முறை" என்றார் மெக்கானிக். "புதுசு."

அக்காவுக்கு அது பிடித்துப்போயிற்று. கடையில் இந்த மாதிரி பார்த்ததே இல்லை என்றாள். உண்மைதான். சகலை தன் கைக்குட்டையின் ஒரு மூலையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அதில் அவருடைய பெயரின் முதல் எழுத்து நூலால் தைத்திருந்தது. வாழ்த்து அட்டையின் முகப்பில் அது இப்போது கம்பீரமாகத் தெரிந்தது.

"யாருக்கு இந்தக் கார்டு? எனக்கா?" என்றார்.

மூன்றாவது தடவை குளியலறைக்குப் போனபோது அக்கா கவலையோடு, தம்பியை டாக்டரிடம் காட்ட வேண்டாமா என்று தங்கையைக் கேட்பது கதவுக்கு வெளியே கேட்டது. கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும்க்கா என்று அவள் சொன்னாள்.

'பழுப்புக் கறையை ஒரு பூவால் மறைக்கலாம். தட்டையாக ஒட்டினால் கறை ஓரத்தில் தெரியும். ஃபோம் டேப்பின்மேல் உயர்த்தி ஒட்டவும்.'

ஒரு பூவை உயர்த்தி ஒட்டினார். கறையின் மூக்கு தெரிந்தது. மூக்கின்மேல் இன்னொன்றை ஒட்டினார். எழுத்தை மறைக்க மூன்றாவது. மூன்றும் மூன்று உயரத்தில் இருந்ததால், சமன் செய்ய அவற்றின்மேல் நான்காவது ஒன்று தேவைப்பட்டது. அகலம் போதாமல் உள்பக்கமும் இரண்டு போட்டார். முடித்துவிட்டு மூடிப் பார்த்தார். அட்டை மூடவில்லை. கையை எடுத்ததும், பயந்த ஆள் வாயைத் திறப்பது போல மறுபடி திறந்துகொண்டது.

இந்தத் தடவை குளியலறைவரை போகக் கால் வரவில்லை. மேஜைக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு ஒரு விரலால் தட்டினார். மனைவியின் போன் எங்கேயோ சின்னதாக அதிர்ந்தது. அவள் தண்ணீர் குடிக்க எழுந்து போனாள். இரண்டே நிமிடத்தில் அவருக்குப் பதில் வந்தது. 'ஓரத்தில் துளை போட்டு நாடாவால் இறுக்கிக் கட்டிவிடவும்.'

துளை போடும் கருவி வாங்கிவந்த பையில் இல்லை. இதில்தான் அவருக்கு முதல் முறையாக உற்சாகம் வந்தது. அறைக்குள் போய்த் தன்னுடைய வேலைப் பெட்டியிலிருந்து கூர்மையான குத்தூசியும் சுத்தியலும் எடுத்துவந்தார். இது அவருக்குத் தெரிந்த வேலை. கண்ணை இடுக்கி, இடம் பார்த்து, ஒரே போடு. பிறகு இன்னொன்று. நாடாவைக் கோர்த்து உள்ளே விட்டு வெளியே எடுத்து, லிஃப்ட் கயிற்றுக்குப் போடுகிற முடிச்சாகப் போட்டு, மிச்ச நாடாவைக் கட்டரால் அறுத்துவிட்டார். அந்த முடிச்சை அவரே நினைத்தாலும் அவிழ்க்க முடியாது. ஆறு பேரோடு தொங்கினாலும் நிற்கும்.

"இந்தாங்க" என்று சகலையிடம் கொடுப்பதற்காகத் தூக்கினார். மேஜை விரிப்பும் கூடவே எழுந்தது. வெந்நீர்த் தம்ளர் சாய்ந்தது. ஆறு அட்டைகளையும் மனைவி ஒரே வாராக வாரி எடுத்துக்கொண்டாள்.

குத்தூசி பச்சை விரிப்புக்கு வெளியே இறங்கியிருக்கிறது. அட்டை, கைக்குட்டை, மேஜை விரிப்பு மூன்றும் இப்போது ஒரு குடும்பம்.

சகலை கண்ணாடியைக் கழற்றித் துடைக்கப் போனார். துடைக்கக் கைக்குட்டை இல்லை. மறுபடியும் மாட்டிக்கொண்டார். அவர் குரலில் கேலி போய்விட்டிருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

"சகலை, நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். முழுக் கார்டு வேணாம். இந்த ஆறுல இருக்கற மாதிரி ஒரே ஒரு கார்டு, சின்னதா, நேரா, மூடற மாதிரி காட்டுங்க. காட்டிட்டா, இத்தனை வருஷத்துக்கும் சேத்து என் பொண்டாட்டிக்கு நானே உக்காந்து செஞ்சு தர்றேன். காட்ட முடியலைன்னா, உங்க பொண்டாட்டிகிட்ட நீங்களே உண்மையைச் சொல்லிடுங்க."

அக்கா நோட்டை மூடிவிட்டாள். மனைவி ஆறு அட்டைகளையும் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். மெக்கானிக் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"இது இன்னும் முடியலை" என்றார். "பசை காயணும். காஞ்சதும் எல்லாம் தானா அமுங்கி ஒரு ரூபத்துக்கு வரும். பத்து நிமிஷம். பின்னால காத்துல வச்சிட்டு வர்றேன்."

அட்டையை விரிப்பிலிருந்து பிரிக்க வழியில்லாததால் விரிப்போடு சுருட்டி, குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு, கொல்லைப் பக்கம் போனார். கதவைச் சாத்திக்கொண்டு கடைக்காரரைக் கூப்பிட்டார். யோசனை ஒன்றும் வேண்டாம், தயாரான அட்டை ஒன்று வேண்டும், நீலத்தில் வெள்ளைப் பூ, இந்த நிமிடமே என்றார்.

கடையில் ஒன்றுகூட இல்லை, எல்லாம் விற்றுவிட்டது என்றார் கடைக்காரர். மெக்கானிக் துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார். இருங்கள், கேட்டுச் சொல்கிறேன் என்று கடைக்காரர் வைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் அவரே கூப்பிட்டார். அந்த அம்மாவிடம் ஒன்று தயாராக இருக்கிறதாம், நீலத்தில் வெள்ளைப் பூவேதானாம், உடனே வந்தால் தருகிறேன் என்கிறார்களாம். வண்டியில் போய் வாங்கிக்கொண்டு நேராக உங்களிடம் வந்துவிடுகிறேன், வீடு எங்கே என்று கேட்டார்.

மெக்கானிக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படியும் ஒரு மனுஷி. வீட்டுக்கு முன்பக்கமாக வரவே வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு சந்து இருக்கிறது, அதில் மூன்றாவது கம்பிக் கதவு, அங்கேயே நிற்கிறேன், ஹாரன் அடிக்காதீர்கள். பக்கத்தில்தான், பத்து நிமிடத்தில் வந்துவிடுவேன் என்றார் கடைக்காரர்.

கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கையில் விரிப்பு மூட்டை. சந்தில் ஒரு பூனை போயிற்று. யாரோ துணி காயப்போட்டார்கள். பசை நிஜமாகவே காய ஆரம்பித்து, மூட்டைக்குள் மொறுமொறு என்று சத்தம் வந்தது. இந்த ஒரு தடவை தப்பித்துவிட்டால் போதும் என்று நினைத்தார். வருகிற திருமண நாளில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட வேண்டும். இல்லை, இன்று ராத்திரியே. அவர்கள் போனவுடனேயே. காலில் விழுந்தாலும் பரவாயில்லை. முதல் வருடம் அவள் அந்த அட்டையைத் திருப்பிப் பார்த்த பார்வைக்காகத்தான் தலையாட்டினேன், வேறு எதற்கும் இல்லை என்று சொல்லிவிட வேண்டும்.

எட்டு நிமிடம் ஆயிற்று. சந்தில் வண்டிச் சத்தமே இல்லை.

வீட்டின் முன்பக்கம் அழைப்பு மணி அடித்தது.

மெக்கானிக் கம்பிக் கதவை விட்டார். அந்த ஆள் சொல்லச் சொல்லக் கேட்காமல் முன்பக்கமாக வந்துவிட்டான். மூட்டையை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடினார். கூடத்தில் சகலை நாற்காலியிலிருந்து பாதி எழுந்திருந்தார்.

"உக்காருங்க அத்தான்" என்றாள் மனைவி. பிறகு மெக்கானிக்கைப் பார்த்து, "என்னங்க, நீங்களே போய்த் திறங்க" என்றாள். அவள் குரல் ரொம்ப மென்மையாக இருந்தது.

கதவைத் திறந்தார். கடைக்காரர்தான். தலையில் ஹெல்மெட், கையில் காலிப் பை. மெக்கானிக் உள்ளே இருப்பவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, உதட்டில் விரல் வைத்து, பின்னால் போ, பின்னால் போ என்று இரண்டு கையாலும் விரட்டினார். கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். கதவின்மேல் இருந்த எண்ணைப் பார்த்தார். மறுபடியும் அவரைப் பார்த்தார். ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"நீங்க இங்க என்ன சார் பண்றீங்க? இது கார்டு செய்யற அம்மாவோட வீடு. இவங்ககிட்ட வாங்கிக்கிட்டு அப்புறம்தானே நான் உங்க வீட்டுக்கு வரணும்?"